பகடையை எண்ணிய வைத்தியர்



நம் ஆண்டு மலரில் வருடா வருடம் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வந்துவிடும். காமராசர், அப்துல் கலாம், விசுவேசுவரய்யா, எடிசன் என்று எல்லாரும் வந்து போய்விட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு சூதாடியைப் பற்றி. மலர்க் குழுவினர் பயப்பட வேண்டாம்! இவர் சூதாடி மட்டும் அல்ல. ஐரோப்பாவே தேடி வந்த வைத்தியர். கணித மேதை. பல்கலைக்கழகப் பேராசிரியர். பகடைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கை முறையாக ஆராய்ந்து முதன்முதலில் ஒரு நூலாகவே எழுதி வைத்தவர். பெயர் ஜெரோலாமோ கார்டானோ. நாடு இத்தாலி. காலம் 1501 முதல் 1576 வரை.

இவர் பெயரை நீங்கள் ஏற்கனவே கேட்டிருப்பீர்கள். தியரி ஆஃப் மெஷின்ஸ் வகுப்பில் ஹூக்ஸ் ஜாயின்ட் நடத்தும்போது, இதையே கார்டன் ஜாயின்ட் என்றும் சொல்வார்கள், லாரிக்கு அடியில் ஓடும் தண்டுக்குக் கார்டன் ஷாஃப்ட் என்றும் ஒரு பெயர் உண்டு என்றார் சார். தோட்டத்துக்கு எதற்கு சார் ஷாஃப்ட் என்று பின் பெஞ்சில் யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது. அந்தக் 'கார்டன்' தோட்டம் இல்லை, நம் கார்டானோதான். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களை மாட்டி, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுவில் இருப்பது நிமிர்ந்தே நிற்கும் அமைப்பை 1550இல் வெளியான தன் நூலில் விளக்கினார். அந்த அமைப்பு அவருக்கு முன்பே இருந்ததுதான். ஆனாலும் பெயர் அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

பெயரைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடப் போனேன். ஷாஃப்டைத் தேடிப் போனவனுக்குச் சீட்டுக்கட்டும் பகடையும் கிடைத்தன. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் விடுதியில் நடக்கும் ஒரு வாதம். சூதாட்டம் கணக்குத் தெரியாதவனுக்குத்தான் ஆபத்து, தெரிந்தவனுக்கு அது சம்பாத்தியம் என்பான் நண்பன் ஒருவன். எதிராளி நூறு ஆட்டத்தில் எத்தனை தடவை பணம் கட்டுகிறான், எத்தனை தடவை பின்வாங்குகிறான் என்று குறித்து வைத்து, அதற்குத் தகுந்த மாதிரி நம்ம ஆட்டத்தை மாற்றிக்கொண்டால் தோல்வியே வராது என்பான். அவனும் டிப்ளமோ, நானும் டிப்ளமோ. சும்மா தப்பு தப்பு என்று சொன்னால் ஏற்றுக்கொள்வானா? கார்டானோவின் வாழ்க்கையைப் படித்த பிறகு அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

வேண்டாத பிள்ளை

1501 செப்டம்பர் 24ஆம் நாள் பவியா என்ற ஊரில் பிறந்தார் கார்டானோ. அப்பா ஃபாசியோ, மிலான் நகரத்து வக்கீல். கணிதத்தில் பெரிய ஆள். ஓவியர் லியோனார்டோ டா வின்சியே வடிவியல் சந்தேகம் கேட்ட மனிதர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா கியாரா. இருவருக்கும் அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை. வயிற்றில் இருந்த குழந்தையைக் கலைக்க அம்மா மருந்து குடித்தார், மருந்து வேலை செய்யவில்லை. இதைப் பின்னாளில் கார்டானோவே தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். மிலானில் அப்போது பிளேக். அதற்குப் பயந்துதான் பிரசவத்துக்கு அம்மா வேறு ஊர் வந்தார். மிலானில் விட்டுவந்த மூன்று பிள்ளைகளையும் பிளேக் கொண்டுபோனது.

பிழைத்த இந்தப் பிள்ளைக்கோ எப்போதும் சீக்கு. உடம்பு கொஞ்சம் தேறியதும் அப்பா தன் மூட்டையைச் சுமக்கும் பையனாகக் கூடவே அழைத்துப் போனார். வேலை வாங்கினாலும் அந்த அப்பாதான் கணிதமும் சொல்லிக் கொடுத்தார். முறையாகப் பிறக்காதவன் என்ற ஒரு சொல் மட்டும் இவர் பின்னாலேயே நாற்பது வயது வரை நடந்து வந்தது.

மாணவர் தலைவர், கையில் சீட்டு

அப்பா சட்டம் படிக்கச் சொன்னார். மகன் வைத்தியம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். பவியாவில் தொடங்கிய படிப்பு, போர் காரணமாகப் பாதுவா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 1524இல் அப்பா இறந்தார். விட்டுப்போன கொஞ்சம் சொத்தை மகன் சீக்கிரமே கரைத்துவிட்டார். கையில் காசு இல்லை, படிப்பு பாதியில் நிற்கிறது. அப்போது பிடித்ததுதான் சூது. சீட்டு, பகடை, சதுரங்கம் எல்லாவற்றுக்கும் அங்கே பந்தயம் உண்டு.

ஆரம்பத்தில் ஜெயித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சூதில் வந்த பணம் படிப்புச் செலவுக்கு உதவியது. மற்றவர்கள் ராசி, கனவு, சகுனம் பார்த்துப் பகடை உருட்டியபோது இவர் மனத்துக்குள் எண்ணினார். எது அடிக்கடி விழும், எது அபூர்வமாக விழும் என்று ஓரளவு தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர்கள் பத்துப் பேர். அந்த வித்தியாசம்தான் அவர் முதல்.

பேரவை மலரில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று. பாதுவாவில் மாணவர்களே தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கார்டானோவும் நின்றார். வாய் துடுக்கானவர், யாரையும் மதிக்காமல் பேசுபவர், எதிரிகள் அதிகம். ஆனாலும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்! பட்டம் வாங்குவது அதை விடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை தள்ளிவிட்டு மூன்றாவது தடவைதான் கொடுத்தார்கள்.

வெனிஸ் நகரத்தில் நடந்தது சினிமாவை மிஞ்சும். பெரிய இடத்து மனிதர் ஒருவரோடு சீட்டாடிக் கார்டானோ பணத்தை இழந்துகொண்டே வந்தார். சீட்டுகளில் அடையாளம் போட்டிருப்பது கடைசியில்தான் கண்ணில் பட்டது. கத்தியை உருவி அந்த மனிதரின் முகத்தில் கீறிவிட்டு, பணத்தை வாரிக்கொண்டு ஓடினார். அன்று இரவே இருட்டில் கால் தவறி நீரில் விழுந்தார். ஒரு படகில் இருந்தவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். படகுக்குள் நிமிர்ந்து பார்த்தால், முகத்தில் கட்டுப் போட்டபடி அதே மனிதர்! நல்லவேளை, அவர் பழி வாங்கவில்லை. மாற்றுத் துணி கொடுத்துப் பாதுவா வரைக்கும் கூட்டிப் போனார்.

கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் சீட்டு நேர்மையாக இல்லை என்றால் கணக்குக்கு என்ன வேலை? எல்லாப் பக்கமும் சமமாக விழும் பகடைக்குத்தான் தன் கணக்குப் பொருந்தும் என்று பின்னால் தன் நூலில் அவர் அழுத்திச் சொன்னார். வெனிஸ் அனுபவம் இல்லாமல் அந்த எச்சரிக்கை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடகுக்குப் போன நகை

பட்டம் வாங்கியாகிவிட்டது. மிலானில் வைத்தியம் பார்க்க அந்த ஊர் வைத்தியர் சங்கத்தின் அனுமதி வேண்டும். பிறப்பைக் காட்டிக் கதவை மூடியது சங்கம். பாதுவாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய் உட்கார்ந்தார். 1531இல் லூசியா என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் மிலானுக்கு அருகே கல்லராத்தே என்ற ஊருக்குக் குடிபோனார்கள். சங்கம் மறுபடியும் மறுத்தது. வைத்தியமும் இல்லை, வருமானமும் இல்லை. பழைய தொழிலைக் கையில் எடுத்தார்.

பகடையை அவரை விட நன்றாக எண்ணத் தெரிந்தவர் அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்தான் மனைவியின் நகையை அடகு வைத்தார். வீட்டு மரச்சாமான்களும் போயின. கடைசியில் கணவனும் மனைவியுமாக மிலானில் ஏழைகள் விடுதியில் அடைக்கலம் புகுந்தார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. முதல் வருடம் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் கட்டுவதற்காகப் போனது. அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். இந்த விடுதியில் என் மாதிரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் லூசியாவின் நகை எனக்கு நானூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிச் செய்தியாகப் படவில்லை.

36, 216, 91

அவர் கண்டுபிடித்த கணக்குக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் நிகழ்தகவு என்று படித்தவர்களுக்கு இது சுலபம். அதை எவரும் சொல்லித் தராத காலத்தில் அவர் தனியாக யோசித்தார் என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு பகடைக்கு ஆறு முகம். இரண்டு பகடை உருட்டினால் 6 x 6 = 36 விதமாக விழலாம். மூன்று உருட்டினால் 216. இந்த மொத்தத்தை முதலில் எழுது. அதில் உனக்குச் சாதகமானவை எத்தனை என்று எண்ணு. இரண்டுக்கும் உள்ள விகிதப்படி பந்தயம் வை. இவ்வளவுதான் அடிப்படை. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7 வர ஆறு வழி. 10 வர மூன்றே வழி. அதனால் இரண்டுக்கும் ஒரே பந்தயம் வைக்கிறவன் ஏமாளி.

அவரும் இதில் சறுக்கினார். ஒரு குறிப்பிட்ட முகம் விழ ஆறில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் மூன்று தடவை உருட்டினால் ஆறில் மூன்று, அதாவது சரிபாதி என்று முதலில் கணக்குப் போட்டார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. அந்த முகம் ஒரு தடவை கூட விழாமல் போவதற்கு 5 x 5 x 5 = 125 வழி. 216இல் 125 போனால் மீதி 91. ஆக, வாய்ப்பு 216இல் 91தான். நூற்றுக்கு 42. பிற்பாடு இந்தச் சரியான எண்ணையும் கண்டுபிடித்து எழுதினார். முந்திய தப்பையும் அடிக்காமல் அதே நூலில் விட்டு வைத்தார். நம்ம ரெக்கார்டு நோட்டு மாதிரி திருத்தி எழுதவில்லை!

இதை எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். அங்கே லங்கர் கட்டை உருட்டுவார்கள். ஆறு படம் போட்ட துணி, அதே ஆறு படம் செதுக்கிய மூன்று கட்டை. ஒரு படத்தில் காசு வைக்க வேண்டும். அந்தப் படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு பங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு லாபம். மூன்று கட்டை, ஆறு படம், சரிபாதி என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கார்டானோ முதலில் நினைத்த அதே தப்பு!

ஒவ்வொரு ரூபாயாக 216 தடவை வைத்தால், கணக்குப்படி 75 தடவை ஒரு ரூபாய் வரும், 15 தடவை இரண்டு ரூபாய் வரும், ஒரு தடவை மூன்று ரூபாய் வரும். கூட்டினால் 108. போவது 125 ரூபாய். நஷ்டம் 17 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய எட்டு ரூபாய் கட்டை உருட்டுகிறவன் மடிக்குப் போகிறது. அவன் ஏமாற்றவே வேண்டாம். கட்டையில் ஈயம் ஊற்ற வேண்டாம். விடிய விடிய உருட்டினாலே போதும்.

எதிராளியை எண்ணுவது

பகடை கண் தெரியாத பொருள். சீட்டாட்டம் அப்படி இல்லை. எதிரே மனிதன் உட்கார்ந்திருக்கிறான். கார்டானோ காலத்தில் பிரைமெரோ என்று ஒரு சீட்டாட்டம் இருந்தது. ஆளுக்கு நான்கு சீட்டு. பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். கையில் ஒன்றும் இல்லாமலே நிறைய இருப்பது போலப் பயமுறுத்தி எதிராளியை விலகச் செய்யலாம். இன்றைய போக்கருக்கு மூதாதை என்று சொல்லப்படும் ஆட்டங்களில் இதுவும் ஒன்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வை, எதிராளி எப்படிப்பட்டவன் என்று பார், இடமும் நேரமும் பார், பந்தயத்தைச் சின்னதாக வை, தொழிலாகவே ஆடுகிறவனோடு உட்காராதே என்றெல்லாம் அவர் நூலில் யோசனை சொன்னார். சீட்டில் அடையாளம் போடுவது, மோதிரத்தில் கண்ணாடி பதித்து அடுத்தவன் கையைப் பார்ப்பது போன்ற பித்தலாட்டங்களையும் பட்டியல் போட்டார்.

என் விடுதி நண்பன் சொல்வது இதன் இன்றைய வடிவம்தான். போக்கரில் எதிராளி நூறு ஆட்டத்தில் அறுபதில் பணம் கட்டி இறங்குகிறான் என்றால், மட்டமான சீட்டோடும் இறங்குகிறான் என்று அர்த்தம். அவனைப் பயமுறுத்திப் பயன் இல்லை, விலகவே மாட்டான். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து பந்தயத்தை ஏற்ற வேண்டும். பத்தில்தான் இறங்குகிறான் என்றால், அவன் ஏற்றும்போது நாம் விலகிக்கொள்ள வேண்டும். இந்த யோசனையில் தப்பு இல்லை. நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஆனால் மூன்று ஓட்டை இருக்கிறது. முதலாவது, இருபது ஆட்டம் பார்த்துவிட்டு ஒருவனை எடை போட முடியாது. நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுவது சாதாரணம், அதனால் நாணயம் கோணல் என்று ஆகிவிடாது. கணக்கு நிலைபெற நிறையத் தடவை வேண்டும் என்பதைக் கார்டானோவே உணர்ந்திருந்தார். அந்த நிறையத் தடவை வரும்வரை தாங்குவதற்குக் கையில் பணம் வேண்டும். தேர்வுக் கட்டணத்தை வைத்து ஆடுகிறவனிடம் அது எங்கே இருக்கும்? இரண்டாவது, நாம் எண்ணும்போது எதிராளியும் நம்மை எண்ணுகிறான். நாம் மாற்றினால் அவனும் மாற்றுவான். மூன்றாவது, காசுக்கு ஆட்டம் நடத்துகிறவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுக்கிறான். நாலு பேர் ஆடினால் நாலு பேரிடமிருந்தும் பணம் வெளியே போகிறது. செல்போனில் வந்தாலும் சங்கதி இதேதான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. சட்டம் வந்தபின் அறைக்குள் சீட்டுக்கட்டு திரும்பி வந்தால் என்ன லாபம்?

புகழ் வந்தது

ஏழைகள் விடுதியில் விட்ட கார்டானோவைத் தொடர்வோம். அவரைத் தூக்கிவிட்டது சூது இல்லை, படிப்புதான்! 1534இல் அப்பா பார்த்த அதே கணித ஆசிரியர் வேலை மிலானில் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் வைத்தியம் பார்த்தார். பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட நோயாளிகள் பிழைத்தார்கள். 1539இல், கதவை மூடிய அதே சங்கம் விதியைத் திருத்தி அவரைச் சேர்த்துக்கொண்டது. சில வருடங்களில் ஊரின் முதல் வரிசை வைத்தியர் அவர்தான்.

1545இல் 'ஆர்ஸ் மாக்னா' என்ற கணித நூல் வெளிவந்தது. முப்படி, நாற்படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழி அதில் இருந்தது. முப்படிக்கான வழியைத் தார்தாலியா என்பவர், வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இவருக்குச் சொல்லியிருந்தார். அவருக்கும் முன்பே இன்னொருவர் அதைக் கண்டுபிடித்திருந்தது தெரிந்ததும், சத்தியம் இனிக் கட்டுப்படுத்தாது என்று கார்டானோ அச்சிட்டுவிட்டார். இருவர் பெயரையும் போட்டார். ஆனாலும் தார்தாலியா மன்னிக்கவே இல்லை. நாற்படிக்கு வழி கண்டவர் ஃபெராரி. பதினான்கு வயதில் இவர் வீட்டுக்கு வேலைக்காரப் பையனாக வந்தவர்! அந்தப் பையனின் மூளையைப் பார்த்து உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாரே, அதற்காகவே கார்டானோவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

1552இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பேராயர் ஹாமில்டன் மூச்சிரைப்பு நோய்க்கு இவரை அழைத்தார். நோயாளியைப் பல நாள் கவனித்துப் பார்த்துவிட்டு, இறகு மெத்தையையும் இறகுத் தலையணையையும் எடுத்துப் போடச் சொன்னார். பேராயர் தேறினார். ஆயிரத்துக்கும் மேல் பொற்காசு கொடுத்தார். நன்றாகக் கவனிக்க வேண்டும் நண்பர்களே, எண்ணுகிற, கவனிக்கிற அதே மூளைதான். சூது மேஜையில் அது மனைவியின் நகையைத் தின்றது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியது.

பிள்ளைகள்

புகழ் உச்சியில் இருந்தபோது அடி விழுந்தது. மூத்த மகன் ஜோவன்னி பாட்டிஸ்டா, அப்பா மாதிரியே வைத்தியர். பிடிக்காத திருமணத்தில் மாட்டிக்கொண்டு மனைவிக்கு விஷம் வைத்துக் கொன்றார். கார்டானோ ஓடி ஓடி வாதாடியும் பயன் இல்லை. 1560 ஏப்ரலில் மகனின் தலை வெட்டப்பட்டது. அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை. மிலானில் இருக்க முடியாமல் 1562இல் பொலோன்யா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார்.

இளைய மகன் ஆல்டோ. அப்பாவிடமிருந்து கணிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை, வைத்தியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சூதை மட்டும் எடுத்துக்கொண்டான். தன் பொருளையும் அப்பாவின் பணத்தையும் தோற்றான். கடைசியில் 1569இல் அப்பாவின் வீட்டையே உடைத்துப் பணமும் நகையும் திருடினான். பெற்ற அப்பாவே அதிகாரிகளிடம் புகார் கொடுத்து ஊரை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் நகை இரண்டு முறை போனது. முதல் முறை அப்பா கொண்டுபோனார், இரண்டாம் முறை பிள்ளை. பகடைக் கணக்கை நூலாக எழுதலாம், கற்றுக் கொடுக்கலாம். வீட்டில் அன்றாடம் நடப்பதைப் பிள்ளைகள் யாரும் கற்றுக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள்.

கடைசி நாட்கள்

1570இல் மத விசாரணைக் குழு அவரைக் கைது செய்தது. ஏசுநாதருக்கே ஜாதகம் கணித்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள். சில மாதச் சிறைக்கும் வீட்டுக் காவலுக்கும் பிறகு விட்டார்கள். பாடம் நடத்தவும் புத்தகம் போடவும் தடை. ரோமுக்குப் போனார். அங்கே போப்பாண்டவரிடமிருந்து உதவித்தொகை கிடைத்தது. கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். சதுரங்கம் நாற்பது வருடத்துக்கு மேல், பகடை இருபத்தைந்து வருடம் போல ஆடியதாகவும், ஏதோ எப்போதாவது இல்லாமல் நாள் தவறாமல் ஆடியதாகவும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். 1576 செப்டம்பர் 21இல் காலமானார். தான் இறக்கும் நாளைத் தானே கணித்து, அது பொய்க்கக் கூடாது என்று பட்டினி கிடந்து செத்தார் என ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கணக்கில் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர் ஜாதகத்தையும் அதிர்ஷ்டத்தையும் கடைசிவரை நம்பினார் என்பது உண்மை. 216ஐ எண்ணிய கையே, ஜெயிக்கிறவனைக் கண்ணுக்குத் தெரியாத அதிர்ஷ்டம் வந்து தூக்கிவிடுகிறது என்றும் எழுதியது.

பகடை நூல் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சாகவில்லை. 1663இல்தான் அவருடைய மொத்த எழுத்துகளோடு சேர்ந்து வெளிவந்தது. அதற்குள் 1654இலேயே பிரான்சில் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி எழுதி இந்தக் கணக்கை வளர்த்துவிட்டார்கள். பெயர் அவர்களுக்குப் போனது.

கணக்கு எதற்கு?

அந்த நூலில் இரண்டு இடம் என் மனத்தில் தங்கிவிட்டது. சூது தீராத நோய் மாதிரி, அதனால் அதைப் பற்றி ஒரு வைத்தியன் பேசுவதுதான் முறை என்கிற கருத்து ஒன்று. சூதில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் ஆடாமலே இருப்பதுதான் என்ற முடிவு மற்றொன்று. ஆடிப் பார்க்காத சாமியார் இதைச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் ஆடியவர், அன்றைய உலகத்திலேயே அந்தக் கணக்கை அதிகம் அறிந்தவர் சொன்னார். பணம் போவது மட்டும் நஷ்டம் இல்லை. நேரம் போகும், பேர் போகும், சொந்த வேலை கெடும், அது பழக்கமாகவே ஒட்டிக்கொள்ளும் என்றும் எண்ணி எண்ணி எழுதினார்.

விடுதி நண்பனுக்கு என் பதில் இதுதான். உன் கணக்கு சரி. கார்டானோ கணக்கும் சரிதான். ஆனால் கணக்கு, எந்தப் பந்தயம் நல்லது, எது கெட்டது என்று சொல்லும். நேரமாகிவிட்டது, எழுந்திரு என்று தோளைத் தொட்டுச் சொல்லாது. தோற்றவன் விட்டதைப் பிடிக்க உட்காருவான், ஜெயித்தவன் இன்னும் கொஞ்சம் என்று உட்காருவான். அந்த இரண்டு பேரையும் எந்த 216இலும் சேர்க்க முடியாது.

அப்படியானால் இந்தக் கணக்கு வீணா? இல்லவே இல்லை. ஆயிரம் போல்ட்டில் எத்தனையை எடுத்துச் சோதித்தால் மொத்தச் சரக்கை நம்பலாம் என்று தரக் கட்டுப்பாட்டில் படிக்கிறோமே, அது கார்டானோவின் பகடைதான். இன்சூரன்ஸ் பிரீமியம் அந்தப் பகடைதான். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் அந்தப் பகடைதான். அவர் எண்ணியதற்குச் சம்பளம் தருகிற வேலை இன்று ஊரெல்லாம் இருக்கிறது. அவருக்கு அது இல்லை. நமக்கு இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, எண்ணுங்கள். நன்றாக எண்ணுங்கள். மேஜையில் உட்காருவதற்கு முன்னாலேயே எண்ணி முடித்துவிடுங்கள். வீட்டில் அடகில் இருப்பது என்ன, அதை மீட்க எத்தனை மாதம் ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அப்புறம் உட்காரத் தோன்றாது.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை